வீட்டிலிருந்தே ஒரு மின்னூல் பதிப்பகம்: முதல் புத்தகம் கடைக்குப் போகும்வரை

மின்னூல் பதிப்பகம் தொடங்கப் போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கையில் ஒரு பிரதி, அதாவது வெளியிட வேண்டிய எழுத்து, இருக்கிறதா? பதிப்பகத்துக்குப் பெயர் வைத்திருப்பார்கள், லோகோ வரைந்திருப்பார்கள், முகநூல் பக்கம்கூடத் திறந்திருப்பார்கள். பிரதி மட்டும் இருக்காது. இருந்தாலும், யாரும் ஒருமுறைகூடத் திருத்திப் படிக்காத வேர்டு கோப்பாக இருக்கும்.

இந்தத் தொழிலில் காகிதம் இல்லை, அச்சுக்கூலி இல்லை, விற்காத பிரதிகளை அடுக்கிவைக்க இடம் தேட வேண்டியதும் இல்லை. அதனால் செலவே இல்லாத தொழில் போலத் தெரியும். செலவு இருக்கிறது. மெய்ப்பு பார்க்க, அதாவது பிழை திருத்த, உட்காரும் மணிநேரங்கள் ஒரு செலவு. எழுத்தாளருக்கு நேரம் தவறாமல் கணக்குக் கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டிலும் சோம்பல்பட்ட சிறு பதிப்பகம் மூன்றாவது புத்தகத்தைத் தாண்டுவது கடினம். ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மற்றவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

தேவையான சாமான்கள் குறைவு. நடுத்தரமான ஒரு கணினி, ஒரு வங்கிக் கணக்கு, அதோடு ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போன். போன் எதற்கு என்றால், உங்கள் வாசகர்களில் பலர் அதில்தான் படிக்கப் போகிறார்கள். பெரிய திரையில் அழகாகத் தெரிந்த பக்கம் ஐந்தங்குலத் திரையில் எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் முதலில் பார்த்தாக வேண்டும். மென்பொருள்களில் லிப்ரே ஆஃபிஸ் (எழுதித் திருத்த), சிஜில் (மின்னூல் கோப்பைத் திருத்த), காலிபர் (மின்னூல்களை அடுக்கி வைக்க, வடிவம் மாற்ற), கிண்டில் பிரிவியூவர் (கிண்டிலில் எப்படித் தெரியும் என்று பார்க்க) ஆகிய நான்கும் போதும். நான்குமே இலவசம்.

எந்தப் புத்தகம்?

பிரதி மூன்று வழிகளில் வரும். நீங்களே எழுதியது, வேறொருவர் எழுதியது, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்.

உங்கள் சொந்த எழுத்து இருந்தால் முதல் புத்தகம் அதுவாகவே இருக்கட்டும். தவறு நடந்தால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டும். கோப்பு தயாரிப்பது முதல் கணக்கு பார்ப்பதுவரை எல்லாவற்றையும் ஒரு சுற்று செய்து பழகிவிட்டு, அப்புறம் இன்னொருவரின் பிரதியைக் கையில் வாங்கலாம்.

பழைய நூல்கள் எளிய வழி போலத் தெரியும், ஆனால் அங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கைப்படி, எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் குறைந்தது 50 ஆண்டுகளும் அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பல நாடுகள் அதை 70 ஆண்டாக வைத்திருக்கின்றன. 60 ஆண்டு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. ஒரு நாட்டில் உரிமை முடிந்த நூலுக்கு இன்னொரு நாட்டில் உரிமை இருக்கலாம். உலகம் முழுக்க விற்கும் கடையில் அதைப் போடும்போது எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்று குறிக்க வேண்டும். இன்னொன்று, மூல நூலின் உரிமை முடிந்திருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. பின்னாளில் வந்த பதிப்பில் ஒருவர் எழுதிய முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் அப்படித்தான். ஸ்கேன் செய்த புத்தகத்தை அப்படியே எடுத்துப் போடும் முன் உள்ளே யார் யாருடைய எழுத்து இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

கிண்டில் கடைக்கு நாமே நேரடியாக மின்னூல் ஏற்றும் அமேசானின் கேடிபி தளம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் பொதுவுரிமை நூலை அப்படியே விற்கவிடாது. புதிய மொழிபெயர்ப்போ, நீங்கள் எழுதிய குறிப்புரையோ, குறைந்தது 10 புதிய ஓவியங்களோ சேர்ந்திருக்க வேண்டும். ராயல்டியும், அதாவது விற்பனை விலையில் உங்களுக்கு வரும் பங்கும், 35 சதவீதம் மட்டும்தான். நல்ல உரையும் பொருட்சுட்டியும் சேர்த்துத் தர முடியும் என்றால் இந்த வேலையை மனதார வரவேற்கிறேன். வெறுமனே நகலெடுக்கத்தான் என்றால் வேண்டாம்.

முதல் ஐந்து புத்தகங்களும் ஒரே வகை வாசகருக்கானவையாக இருந்தால் நல்லது. சிறுவர் கதை, பங்குச்சந்தை, கவிதை, சித்த மருத்துவம் என்று கலந்து போட்டால், ஒரு புத்தகத்தை விரும்பிப் படித்தவருக்கு அடுத்து எடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஒப்பந்தம்

நண்பர்தானே, வாய்வார்த்தை போதும் என்று நினைக்காதீர்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான் தாள் தேவைப்படுகிறது. இரண்டு பக்கம் போதும். இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்.

எந்த உரிமையை வாங்குகிறீர்கள் என்பதில் தொடங்குங்கள். மின்னூல் உரிமை என்றால் மின்னூல் மட்டும். அச்சு, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் எழுத்தாளரிடமே இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று எழுதி வாங்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. ஒலிநூல் தயாரிக்க உங்களிடம் ஒரு மைக்குகூட இல்லாதபோது அந்த உரிமையைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

காலத்தையும் எழுதுங்கள். மூன்று ஆண்டு என்பது என் விருப்பம். முடிந்ததும் இருவரும் சம்மதித்தால் நீட்டிக்கலாம். இடையில் விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதன்பின் எத்தனை நாளுக்குள் கடைகளிலிருந்து புத்தகத்தை இறக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். அட்டைப்படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிரியும்போது சண்டை வருவது பெரும்பாலும் அட்டையில்தான்.

அடுத்தது காசு. ராயல்டி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்ற ஒரு சொல்லில் முழு ஒப்பந்தமும் நிற்கிறது. "விற்பனை விலையில் 50 சதவீதம்" என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் 4.99 டாலர். ஒரு பிரதிக்கு எழுத்தாளருக்கு நீங்கள் தர வேண்டியது சுமார் 2.50 டாலர். கேடிபியில் 35, 70 என்று இரண்டு ராயல்டி விகிதங்கள் உண்டு, ஆனால் 70 சதவீதம் எல்லா நாட்டு விற்பனைக்கும் கிடைப்பதில்லை. பட்டியலில் இல்லாத நாட்டில் வாங்கப்பட்டால் 35 சதவீதம்தான், அதாவது சுமார் 1.75 டாலர். கைக்கு 1.75 வந்து, 2.50 கொடுக்க வேண்டிய நிலை. விற்க விற்க நட்டம். அதனால் "கடைகள் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு பதிப்பகத்துக்கு அனுப்பும் தொகையில் 50 சதவீதம்" என்று தெளிவாக எழுதுங்கள். 50 என்பது என் கருத்து. அச்சுச் செலவு இல்லாத தொழிலில் எழுத்தாளருக்குப் பாதிக்குக் குறைவாகக் கொடுக்க எனக்கு மனம் வராது. நீங்கள் அட்டை, மெய்ப்பு எல்லாவற்றுக்கும் கைக்காசு போடுவதாக இருந்தால், அந்தச் செலவு திரும்பும்வரை ஒரு விகிதம், அதன்பின் ஒரு விகிதம் என்று பேசிக்கொள்ளலாம்.

கணக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். "அவ்வப்போது" என்ற சொல் ஒப்பந்தத்தில் வரவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்ன மாதம் 15-ஆம் தேதிக்குள் என்று இருக்கட்டும்.

எழுத்தைச் சுத்தம் செய்வது

இங்கேதான் உங்கள் நேரத்தில் பாதி போகும். போகவும் வேண்டும்.

பிரதி எந்த நிலையில் வருகிறது என்று பாருங்கள். அண்மையில் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கத்தில், தட்டச்சு செய்ததென்றால் பாதி வேலை மிச்சம். பழைய அச்சுக் கோப்பென்றால் அது பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஏதோ ஒரு பழைய குறியாக்கத்தில் இருக்கும். மின்னூலுக்கு யூனிகோடு மட்டும்தான். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் மூலத்தில் நடுநடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் இணைய முகவரிகளும் மாற்றிய பிறகு பொருளற்ற தமிழ் எழுத்துக் கூட்டமாகிவிடும். மேற்கோள் குறிகளும் இடம் மாறும். மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

அச்சுப் புத்தகம் மட்டும் இருந்தால் ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் போட வேண்டும். கூகுள் டிரைவும் டெசராக்டும் தமிழைப் படிக்கும், ஓரளவு நன்றாகவே படிக்கும். அந்த "ஓரளவு"தான் ஆபத்து. எழுத்துணரி செய்யும் பிழைகளில் பல, சரியான இன்னொரு சொல்லாக மாறி நிற்கும். "கோடி" "கொடி" ஆகிவிடும். "தேன்" "தென்" ஆகிவிடும். பிழைதிருத்தி இவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் அதன் அகராதியில் இரண்டுமே உண்டு. புள்ளி விழுந்து "அவர்" என்பது "அவர" என்று நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். துணைக்காலும் "ர" என்ற எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருக்கும். "காரணம்" என்பதை ஒருவர் "கரரணம்" என்று அடித்திருந்தால் திரையில் நீங்கள் நூறுமுறை பார்த்தாலும் அது "காரணம்" போலவே தெரியும். வாசகர் தேடினால் கிடைக்காது. வேறு எழுத்துருவில் திறந்தால் பல்லிளிக்கும். "மௌனம்", "கௌரவம்" ஆகியவற்றில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் "ள"வும் போட்டு "மெளனம்", "கெளரவம்" என்று அடித்திருப்பது இதே வகைதான். எனக்கு வந்த ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலும் இது இருந்திருக்கிறது. "ஸ்ரீ"யைக்கூட இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் "ரர" என்று தேடுவேன். "வீரர்", "பேரரசு" போன்ற சரியான சொற்களும் அகப்படும், ஆனால் இந்தப் பிழைகளும் கூடவே சிக்கும். அடுத்து "மெள", "கெள", "செள" என்று தேடுவேன். இரண்டிலும் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். "மெள்ள" போன்ற சரியான சொற்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அதன்பின் காதால் மெய்ப்பு பார்ப்பேன். போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் உண்டு. ஒரு அத்தியாயத்தை அதில் ஓடவிட்டு, கையில் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்ந்தபடி கேட்பேன். கண் தானாகத் திருத்திப் படித்துவிடும் இடத்தில் இயந்திரம் உள்ளதை உள்ளபடி சொல்லும். "கரரணம்" என்று அது வாசிக்கும்போது தூக்கிப்போடும். ஒருமுறை பத்து அத்தியாயம் கொண்ட நாவலில் மூன்று பேர் மெய்ப்பு பார்த்து முடித்த பிறகு இப்படிக் கேட்டேன். கதாநாயகியின் பெயரே ஏழு இடங்களில் வேறாக ஒலித்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறியிருந்தன. அன்றிலிருந்து இந்தச் சுற்றைக் கேட்காமல் எந்தப் புத்தகத்தையும் நான் ஏற்றுவதில்லை.

இதெல்லாம் எழுத்துப்பிழை. செம்மையாக்கம் வேறு வேலை. திரும்பத் திரும்ப வரும் பத்திகள், பெயர் மாறும் ஊர்கள், 1972-இல் பிறந்தவர் 1980-இல் கல்லூரிக்குப் போவது போன்றவற்றைப் பிடிக்கும் வேலை அது. முடிந்தால் இன்னொருவருக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முதல் புத்தகத்தில் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அட்டைக்கு முன்னால் இதற்குச் செய்யுங்கள் என்பேன்.

கோப்பு கட்டுவது

மின்னூலுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் ஓடி வேறிடத்தில் போய் நிற்கும். இதை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிடிஎஃப் கோப்பை மின்னூல் என்று விற்காதீர்கள். போனில் அதைப் படிப்பது தண்டனை.

பிரதியை லிப்ரே ஆஃபிஸில் திறந்து, அத்தியாயத் தலைப்புகளுக்கெல்லாம் தலைப்பு பாணியை (Heading style) கொடுங்கள். எழுத்தைத் தடித்ததாக்கி, பெரிதாக்கித் தலைப்பு போலக் காட்டினால் போதாது. பொருளடக்கம் பாணியிலிருந்துதான் பிறக்கிறது. பத்திக்கு முன் இடைவெளி வேண்டுமென்றால் பாணியில் சொல்லுங்கள். டேப், வெற்று வரிகள், ஸ்பேஸ் தட்டித் தள்ளிய வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பக்க எண்களும் மேல்தலைப்புகளும் போகட்டும். அடிக்குறிப்புகள் அத்தியாய முடிவில் இணைப்போடு வரட்டும்.

இதை ஈபப்பாக ஏற்றுமதி செய்து சிஜிலில் திறங்கள். ஈபப் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாக வலைப்பக்கங்கள், ஒரு பாணிக் கோப்பு, படங்கள், எது எதற்கு அடுத்து என்று சொல்லும் ஒரு பட்டியல், வாசகர் தொட்டுப் போகும் பொருளடக்கம். 2007-இல் தரமாக வந்து, 2011-இல் ஈபப் 3 ஆகி, இப்போது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அதனால் இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. தெரியாவிட்டாலும் பயமில்லை, நான்கைந்து குறிகளைக் கற்றுக்கொண்டால் போதும்.

இரண்டு முடிவுகள் தமிழ் மின்னூலுக்கு முக்கியம். வரிகளை இருபுறமும் நேராக்காதீர்கள். நம் சொற்கள் நீளம். சிறிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், அவற்றை இழுத்து நிரப்பினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடப்பக்கம் மட்டும் நேராக இருப்பது போதும். அடுத்தது, எழுத்துருவை உள்ளே திணிக்காதீர்கள். கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவே நன்றாக இருக்கிறது. திணித்தால் கோப்பு பெருத்துவிடும், எழுத்துருவின் உரிமம் பற்றிய கேள்வியும் வரும்.

படங்களைச் சுருக்கிச் சேருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விவரணை எழுதுங்கள். பார்வையற்ற வாசகருக்கு அந்த ஒரு வரிதான் படம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மிகச்சிறு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது என்றாலும், செய்வதற்குச் சட்டம் கேட்கிறது என்பதைவிட நல்ல காரணம் உண்டு.

முடிந்ததும், கோப்பில் தவறு இருக்கிறதா என்று சோதிக்கும் ஈபப்செக் கருவியில் ஓட்டுங்கள். பிழை பூச்சியம் என்று வரும்வரை விடாதீர்கள். பிறகு கிண்டில் பிரிவியூவரில் பாருங்கள், உங்கள் போனில் பாருங்கள், எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்புப் பின்னணியில் பாருங்கள். பழைய மோபி வடிவத்தைப் பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அமேசானே இப்போது ஈபப்பை வாங்கிக்கொள்கிறது.

அட்டை

கேடிபி பரிந்துரைக்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். மற்ற கடைகளுக்கும் பெரும்பாலும் இதுவே ஒத்துவரும். ஆனால் வாசகர் முதலில் பார்ப்பது கட்டைவிரல் நகம் அளவுப் படத்தைத்தான். அட்டையை அந்த அளவுக்குச் சுருக்கி, போனைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துத் தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நீளமான தமிழ்த் தலைப்பு மெல்லிய எழுத்தில் இருந்தால் மறைந்தே போகும். இரண்டு வரியாக உடையுங்கள், தடித்த எழுத்தில் வையுங்கள், துணைத்தலைப்பு சிறிதாக இருந்தால் பரவாயில்லை.

இணையத்தில் அகப்பட்ட படத்தை எடுத்துப் போடாதீர்கள். எழுத்துருவுக்கும் வணிக உரிமம் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படமோ, எழுதிய உரையோ, செய்த மொழிபெயர்ப்போ இருந்தால் கேடிபியில் ஏற்றும்போது அதைச் சொல்ல வேண்டும். 2023 முதல் இந்தக் கேள்வி படிவத்திலேயே இருக்கிறது.

எந்தக் கடையில் வைப்பது

கிண்டில், கூகுள் பிளே புக்ஸ், ஆப்பிள் புக்ஸ், கோபோ ஆகிய நான்கும் பெரிய கடைகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கணக்குத் திறந்து ஏற்றலாம். நேரமில்லை என்றால் டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற விநியோகத் தளத்தில் ஒருமுறை ஏற்றினால் பல கடைகளுக்கு அவர்களே அனுப்புவார்கள். விற்பனை விலையில் சுமார் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மொழியை அந்தந்தக் கடை ஏற்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேடிபியில் "செலக்ட்" என்றொரு திட்டம் உண்டு. 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. பதிலுக்குக் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் அதைப் படிப்பார்கள், படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு உங்களுக்குக் காசு வரும். 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகவும் கொடுக்கலாம். பெயர் தெரியாத புதிய பதிப்பகத்துக்கு இது நல்ல தொடக்கம் என்றுதான் நினைக்கிறேன். சந்தாதாரர் கூடுதலாகக் காசு போடாமல் புரட்டிப் பார்க்கிறார், பிடித்தால் தொடர்கிறார். முதல் 90 நாள் இப்படி வைத்துப் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் குறியை மறக்காமல் நீக்கிவிட்டு, மற்ற கடைகளுக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் எழுத்தாளரின் சம்மதம் இருக்க வேண்டும். அவர் அதே கதையைத் தன் வலைப்பூவில் வைத்திருந்தால் விதி மீறலாகி, கணக்கே முடங்கும் அபாயம் உண்டு.

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் கட்டாயமா என்று எல்லோரும் கேட்பார்கள். கிண்டிலுக்குத் தேவையில்லை, அமேசான் தன் சொந்த எண்ணைக் கொடுத்துவிடும். 13 இலக்க ஐஎஸ்பிஎன் சில நாடுகளில் இலவசமாகவும் சில நாடுகளில் கட்டணத்துக்கும் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இருந்தால் வாங்கிவிடுங்கள். ஒரு நூலின் அச்சுப் பதிப்புக்கு இருக்கும் எண்ணை மின்னூலுக்குப் போடக் கூடாது.

விலை

கேடிபியில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமெரிக்கக் கடையில் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அதில் கோப்பின் அளவுக்கு ஏற்ப அனுப்பும் கட்டணம் கழியும், ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட். எழுத்து மட்டும் உள்ள ஒரு மெகாபைட் நாவல், விலை 4.99 டாலர் என்றால், 4.99-இல் 0.15 கழித்து 70 சதவீதம் எடுத்தால் 3.39 டாலர் கிடைக்கும். அதே விலையில் படங்கள் நிறைந்த 20 மெகாபைட் புத்தகம் என்றால் அனுப்பும் கட்டணமே 3 டாலர். மிச்சத்தில் 70 சதவீதம் 1.39 மட்டும். 35 சதவீதத் திட்டத்தில் அந்தக் கட்டணம் கிடையாது, 1.75 கிடைக்கும். ஆக, படப்புத்தகத்துக்குச் சில நேரம் குறைந்த சதவீதமே கூடுதல் காசு தரும். படங்களைச் சுருக்கச் சொன்னதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

முதல் புத்தகத்தை அடிமாட்டு விலைக்கு வைக்காதீர்கள். 2.99-க்குக் கீழே போனால் 70 சதவீதம் போய்விடும். 0.99 டாலர் புத்தகம் ஒன்றுக்கு 35 சென்ட் வரும், 4.99 புத்தகம் ஒன்று விற்ற பணத்துக்கு அதில் பத்துப் பிரதி விற்றாக வேண்டும். விலையை எல்லாக் கடையிலும் ஒன்றாக வையுங்கள். ஓரிடத்தில் குறைத்தால் அமேசானும் இறக்கிவிடலாம்.

விவரங்கள்

தலைப்பு, ஆசிரியர் பெயர், விவரிப்பு, வகை, தேடுசொல். சலிப்பான வேலைதான், ஆனால் வாசகர் உங்களைக் கண்டுபிடிப்பது இதனால். ஆசிரியர் பெயரை எழுதும் விதத்தை முதல் நாளே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பது உட்பட. ஒரு புத்தகத்தில் ஒரு விதம், அடுத்ததில் வேறு விதம் என்று போட்டால் கடை அவர்களை இரண்டு ஆசிரியராக எண்ணிப் பிரித்துவிடும்.

விவரிப்பின் முதல் இரண்டு வரிகளே திறக்காமல் தெரியும். "காலத்தை வென்ற காவியம்" என்று தொடங்காதீர்கள். கதை எங்கே தொடங்குகிறது, யாருக்கு என்ன சிக்கல் என்று சொல்லுங்கள். கட்டுரை நூலென்றால் படித்து முடித்தவர் எதைச் செய்ய முடியும் என்று சொல்லுங்கள்.

வெளியான பின்

புத்தகம் கடைக்கு வந்த அன்று விற்பனைப் பலகையை மணிக்கு ஒருமுறை பார்ப்பீர்கள். பரவாயில்லை, எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஒரு பிரதியை நீங்களே காசு கொடுத்து வாங்கி, வாசகரைப் போல முதலிலிருந்து திறந்து பாருங்கள். இருபது பேருக்கு, அந்த வகை நூல்களை உண்மையிலேயே படிப்பவர்களுக்கு, இலவசப் பிரதி அனுப்பி, மனதில் பட்டதை எழுதச் சொல்லுங்கள். நல்லதாக எழுதச் சொல்லாதீர்கள். காசுக்கோ பண்டமாற்றாகவோ மதிப்புரை வாங்குவதைக் கடைகள் தடைசெய்திருக்கின்றன.

பிழை சுட்டிக்காட்டி யாராவது எழுதினால் நன்றி சொல்லி, ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பிழை சேர்ந்ததும் திருத்திய கோப்பை ஏற்றுங்கள். உரிமைப் பக்கத்தில் பதிப்பு 1.1, தேதி என்று போடுங்கள். அச்சுக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது, பயன்படுத்துங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் மூன்று நகல் இருக்கட்டும்: கணினியில், வெளி வட்டில், இணைய சேமிப்பில்.

கணக்கு

கேடிபி ஒரு மாத விற்பனைக்கான தொகையை அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து அனுப்பும். ஆகவே முதல் பணம் வர மூன்று மாதம் ஆகலாம். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் வரிப் படிவத்தில் வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்காவிட்டால், அங்கே விற்றதற்கான ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் இது குறையும். படிவம் தளத்திலேயே இருக்கிறது, கால்மணி நேர வேலை. தொழில் பதிவு, உள்நாட்டு வரி ஆகியவற்றுக்கு உங்கள் நாட்டில் ஒரு கணக்காளரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணக்குத் தாளில் மாதம், கடை, நூல், பிரதிகள், படித்த பக்கங்கள், கைக்கு வந்த தொகை, எழுத்தாளர் பங்கு, கொடுத்த தேதி ஆகிய எட்டு பத்திகள் போதும். எழுத்தாளர் பங்கை வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது உங்கள் காசு இல்லை. செலவுக்கு எடுத்துவிட்டு அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு ஒருமுறைகூட இடம் கொடுக்காதீர்கள்.

என் முதல் நூல்களில் ஒன்றை வெளியிட்ட பதிப்பாளர் நான்கு ஆண்டுகள் கணக்கே காட்டவில்லை. விற்றதா, விற்கவில்லையா என்றே தெரியாமல் இருந்தேன். பணம் வராததைவிடக் கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டதுதான் வலித்தது. அதனால் நான் பதிப்பாளரானபோது, ஆறு மாதத்தில் மூன்றே பிரதி விற்றிருந்தாலும், கடை அனுப்பிய அறிக்கையின் நகலோடு கணக்கை அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒன்றுமே விற்காத அரையாண்டிலும் அனுப்புகிறேன்: விற்ற பிரதி 0, தொகை 0, அடுத்த கணக்கு இன்ன தேதியில்.